மழையில்லாத நாளில் ஓடிய வடிகான்

பங்குனி மாதக் காலை. கடைசி மழை பெய்து ஆறு கிழமைக்கு மேலாகியிருந்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வடிகான் வாயருகே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை உயரம்தான். முதலில் சவர்க்கார நுரை வந்தது. பின்னால் நாலைந்து சோற்றுப் பருக்கைகள். அவற்றுக்கும் பின்னால் எண்ணெய்ப் படலம் ஒன்று வானவில் காட்டியபடி வந்து வாவிக்குள் இறங்கியது.

பொறியியலாளனான என்னை அழைத்திருந்தது வெள்ள முறைப்பாட்டுக்காக. மாரியில் மூன்று நாள், நான்கு நாள் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, வடிகானைப் பெருப்பித்துத் தாருங்கள் என்பதுதான் குடியிருப்பாளர்களின் கோரிக்கை. வெள்ளத்துக்கு வழி தேட வந்தவன் வெயிலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அதைக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் எழுதினேன். இந்த வேலையில் நான் செய்த முதற்பிழை அதுதான்.

குடியிருப்பின் பெயரையும் இதில் வரும் அலுவலகங்களின் பெயரையும் தவிர்க்கிறேன். ஊர்க்காரர் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

நிலம்

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையே உள்ள எழுவான்கரை, பல இடங்களில் நடந்தே கடந்துவிடக்கூடிய ஒடுக்கமான மணல் நாடா. நடுவில் மணல்மேடு முதுகெலும்புபோல் ஓடும். ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வாவிக்கும் நிலம் சரியும். சரிவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாலமீன்மடு, நாவற்குடா, புளியந்தீவு, கோட்டமுனை என்று மடுவும் குடாவும் தீவும் முனையுமாக ஊர்ப்பெயர் வைத்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே நிற்கும் என்பது தெரிந்திருந்தது. வீட்டை மேட்டில் கட்டினார்கள், பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டார்கள்.

ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு கொட்டிவிடும். மிச்ச மாதங்களில் கச்சான் காற்றுத்தான். எனவே இங்கே வடிகான் என்பது ஆண்டில் முக்காற் பங்கு நாள் வேலை இல்லாமலிருந்து, கால் பங்கு நாளில் முழு ஊரையும் சுமக்கவேண்டிய ஒன்று. அப்படித்தான் நாங்கள் படித்தோம். வேலை இல்லாத அந்த முக்காற் பங்கு நாளில் அது என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

நான் எடுத்துக்கொண்ட குடியிருப்பு மணல்மேட்டிலிருந்து வாவிவரை ஏறத்தாழ 12 ஹெக்டேர், சுமார் 300 வீடுகள். நடுவே 600 மீற்றர் நீளத்தில் கொங்கிரீட் வடிகான் ஒன்று. அகலம் 90 சென்ரிமீற்றர், தண்ணீர் ஓடக்கூடிய ஆழம் 80. சரிவு 1,500க்கு 1. அதாவது 600 மீற்றர் தூரத்துக்கும் சேர்த்து மொத்த இறக்கம் 40 சென்ரிமீற்றர். ஒரு முழமும் சாணும் கூட இல்லை. இந்த 40 சென்ரிமீற்றரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

முதற் கணக்கும் முதல் வரைபடமும்

கணக்கு எளிது. மழையில் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடும் பங்கை மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் மழை என்பதாலும், ஹெக்டேரில் பரப்பாலும் பெருக்கி 360ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும். வடிகானைக் கட்டிய காலத்தில் முற்றமெல்லாம் மணல், வேலியெல்லாம் கிடுகு. வழிந்தோடும் பங்கு 0.25 என்று வைத்தால், மணிக்கு 60 மில்லிமீற்றர் மழைக்கு 0.5 கனமீற்றர். சுத்தமாக இருந்தால் அந்த வடிகான் 0.54 வரை இழுக்கும். கட்டியவர் கணக்குத் தெரிந்தவர்.

அதன் பிறகு கிடுகுவேலி மதிலானது. முற்றத்துக்குக் கொங்கிரீட் கல் பதித்தார்கள். ஒழுங்கையும் கொங்கிரீட் ஆனது. பங்கு 0.6 ஆக உயர்ந்தது, ஓட்டம் 1.2 ஆனது. வடிகானோ மணலும் பொலித்தீனும் படிந்து, உராய்வு இரட்டிப்பாகி, 0.27க்கு இறங்கியிருந்தது. வருவது 1.2, போவது 0.27. முழங்கால் தண்ணீர் நிற்காவிட்டால்தான் அதிசயம்.

எனவே அகலத்தை இரட்டிப்பாக்கி 1.8 மீற்றர் என்று வரைந்தேன். கணக்கில் 1.4 வரை போகும். வரைபடம் அழகாகவும் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையசைத்தார்கள், ஒருவரைத் தவிர. வடிகான் வாய்க்கு எதிரே வீடுள்ள மீனவர் அவர். வாவியில் வலை போட்டே தலை நரைத்தவர். “சேர், நீங்கள் வாய்க்காலைப் பெருப்பித்தால் ஆறு உள்ளே வருவதற்குத்தான் வசதி” என்றார். இங்குள்ளவர்கள் வாவியை ஆறு என்றும் சொல்வார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை எழுதாமல் விடுவது நேர்மையல்ல.

வாவியின் மட்டம்

அன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். வேலியோரத்தில் நின்ற தென்னையில் கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒவ்வொரு மாரியிலும் வாவி எவ்வளவு ஏறியது என்பதற்கான அடையாளங்கள். 2011 தை மாத வெள்ளத்தின் கோடு என் இடுப்புக்கு மேலே நின்றது. அந்த வெள்ளத்தில் நாட்டில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும்தான் அதிகம் அடிபட்டன. அதைத் தனிக்கதை என்று ஒதுக்கிவிடலாம். சாதாரண மாரிக் கோடுகளை ஒதுக்க முடியாது. மட்டமானியை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கோடுகளும், வடிகான் நிரம்பி ஓடும்போது அதன் வாயில் நிற்கும் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருந்தன. பல கோடுகள் 30 சென்ரிமீற்றருக்கும் மேலே.

மொத்த இறக்கமே 40 என்றேன் அல்லவா? வாவி அந்த மட்டத்துக்கு மேல் 30 ஏறிவிட்டால் தண்ணீரைத் தள்ள மிஞ்சுவது 10. சரிவு காலாகக் குறைந்தால் வேகம் பாதியாகும். வர்க்கமூலக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. என்னுடைய அழகான 1.8 மீற்றர் வடிகான் 1.4 அல்ல, 0.7தான் இழுக்கும். வாவி 40க்கு மேல் ஏறினால் இழுப்பதை விட்டுவிட்டு, மீனவர் சொன்னதுபோல் வாவியை ஒழுங்கைக்குள் அழைத்துவரும், பழையதைவிட இரட்டிப்பு அகலத்தில்.

வாவி எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது மழையால் மட்டும் முடிவாவதில்லை. வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் வாவி தட்டில் வைத்த தண்ணீர்போல் ஏறிக்கொண்டே போகும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெள்ளாமை மூழ்கத் தொடங்கியதும் ‘முகத்துவாரத்தை வெட்டுங்கள்’ என்று விவசாயிகள் கேட்பார்கள். வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும் என்று மீனவர்கள் தயங்குவார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெட்டும் நாளும் வெட்டாத நாளும் அங்கே கூட்டத்தில் முடிவாகின்றன. பல கிலோமீற்றர் தள்ளியிருக்கும் என் 600 மீற்றர் வடிகானின் தலைவிதியும் அதே கூட்டத்தில்தான் முடிவாகிறது. கிழக்குக் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதை நம்பி ‘வற்றும்போது வடியும்’ என்று எழுதவும் முடியாது.

வரைபடத்தைச் சுருட்டி வைத்தேன். பம்பி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. புயல்மழை நாளில் முதலில் போவது மின்சாரம், பிறகு டீசலுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி வரும், அதையும் விட்டோம்.

குழாய்கள்

இதற்குப் பிறகுதான் அந்தப் பங்குனிக் குறிப்பு நினைவுக்கு வந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் நானும் வடிகானுக்குள் இறங்கி, வாவி வாயிலிருந்து மேட்டை நோக்கி நடந்தோம். வெயில் நாளில் வடிகானில் ஓடுவது மழைநீர் அல்ல. அப்படியென்றால் அது யாருடைய தண்ணீர்? பக்கச் சுவரில் வாய் வைத்திருந்த குழாய்களை எண்ணிக்கொண்டே போனோம். 41 வந்தது. பெரும்பாலானவை சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும். ஒன்று வாகனம் கழுவும் இடத்திலிருந்து வந்தது. வானவில்லின் ஊர் அது. சிலவற்றின் வாசனையே அவை எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிவிட்டது.

அப்படி ஒரு இரண்டங்குலக் குழாயின் வாயில் பழைய சாரத்துண்டு ஒன்று பந்தாகச் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. மேலே எட்டிப் பார்த்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாமி நின்றார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “மாரியில் குழி நிரம்பி முற்றத்துக்கு வந்துவிடுகிறது மகன். பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு. அப்போது மட்டும்தான் சீலையை எடுத்துவிடுவேன். வேறு எங்கே விடச் சொல்கிறீர்கள்?”

அவரிடம் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. வாவியோரத்தில் மார்கழியில் நிலத்தடி நீர் இரண்டு சாண் ஆழத்துக்கு வந்துவிடும். அப்போது, கழிவுநீர் மண்ணில் ஊறி இறங்குவதற்கென்று வெட்டிய ஊறுகுழி, குழியாக இராது. அதுவும் ஒரு கிணறு. கிணற்றுக்குள் கிணற்றை ஊற்றி வடியச் சொல்ல முடியாது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன்பு வாளியால் அள்ளிக் குளித்தார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாய்வழி வந்த பிறகு திறந்தால் கொட்டுகிறது. குடிநீர் வந்தது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே வரும் தண்ணீர் கூடினால் வெளியே போகும் தண்ணீரும் கூடும் என்று வீட்டுக்குழிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நல்ல தண்ணீர்த் திட்டமும் கழிவுநீர்த் திட்டமும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கோப்புகளில் வந்தால் இடையிலுள்ள ஆண்டுகளை வடிகான்தான் சுமக்கும்.

போத்தல்கள்

எவ்வளவு அழுக்கு, எப்போது போகிறது என்று அறியவேண்டியிருந்தது. முதல் தொகுதி மாதிரிகளை ஒரு சனிக்கிழமை எடுத்தோம், ஆய்வுகூடம் பூட்டியிருந்தது. கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீரைப் பனிக்கட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்க்கவேண்டும். திங்கள்வரை வைத்திருந்தால் போத்தலுக்குள் என்ன வளர்ந்தது என்பதைத்தான் அளப்போம். எல்லாவற்றையும் கொட்டினோம். நாட்காட்டியைப் பார்க்காத பொறியியலாளர் நான்தான்.

ஐப்பசியின் முதல் மழைக்குக் காத்திருந்தோம். அது வழக்கம்போல் நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்தது. மீனவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தலைவிளக்கோடு உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு போத்தலாக 12 போத்தல் நிரப்பினோம். விடிந்ததும் மதிலில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதலாவது வெறுந்தேநீர் நிறம், அடியில் ஒரு விரல் கறுப்பு வண்டல். இரண்டாவதும் மூன்றாவதும் அதே மாதிரி. ஏழாவதில் இளநீர்க் கலங்கல். பன்னிரண்டாவதை யாராவது கொடுத்தால் முகம் கழுவலாம்போல் இருந்தது. கோடை முழுவதும் ஒழுங்கையிலும் வடிகானிலும் சேர்ந்ததெல்லாம் முதல் அரை மணித்தியாலத்தில் வாவிக்குப் போய்விட்டிருந்தது. ஆய்வுகூட முடிவு வந்தது. மதிலிலிருந்த வரிசை சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

வாவியில் கரைந்துள்ள ஒட்சிசனை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அலுவலக நேரத்தில், காலை பத்து மணிக்குப் போனால் கருவி நல்ல எண்ணைக் காட்டும். பச்சையாகப் பாசி பிடித்த தண்ணீர் வெயிலில் தானே ஒட்சிசன் உண்டாக்கும். இரவில் அதே பாசி அதைத் தின்னும். ஆகக் குறைவது விடிவதற்குச் சற்று முன்பு. மீன் மேலே வந்து வாயைத் திறக்கும் நேரம் அதுதான் என்று வலைக்காரர் எல்லோருக்கும் தெரியும்; பத்து மணி அறிக்கைக்கு மட்டும் தெரியாது. ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை ஏன் அந்த வடிகான் வாயில் மட்டும் மதமதவென்று வளர்கிறது என்பதற்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நைதரசனும் பொசுபரசும் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

என்ன செய்தோம்

வடிகானின் அகலத்தில் கை வைக்கவில்லை. வாரி, மணலை எடுத்து, பழைய 0.5க்குக் கொண்டுவந்தோம். ஒரு மதகுக்குள்ளே குறுக்காக யாரோ கொண்டுபோயிருந்த நீர்க்குழாய் குப்பையைப் பிடித்து அணைகட்டி வைத்திருந்தது. அதை உயர்த்தி மாற்றுவதற்கான கடிதப் போக்குவரத்து, மற்ற வேலைகள் எல்லாவற்றையும்விட நீண்டகாலம் எடுத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதில்லை.

அடுத்தது கூரை. 300 வீட்டுக் கூரை சேர்ந்து 3 ஹெக்டேர், 1.2இல் 0.45 அங்கிருந்துதான் வருகிறது. கூரைத்தண்ணீர் ஓரளவு சுத்தமானது, மணலுக்குள் விடலாம், கிணற்றுக்கும் நல்லது. ஒழுங்கைத் தண்ணீரை அப்படி விடக்கூடாது. இந்த மணல் கிருமியைக் கொஞ்சம் வடிகட்டும். நைத்திரேற்றை வடிகட்டாது, அது நேரே கிணற்றுக்கு நடந்துபோகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி என்று எல்லோரும் வாயால் சொல்வோம். 10 பேர்ச் அளவுள்ள சிறிய காணியில் உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பின்வீட்டுக்காரரின் குழி உங்கள் கிணற்றடியில்தான் இருக்கும். ஆகவே மேட்டுப்பக்க வீடுகளில் மட்டும், கூரைத் தண்ணீருக்கு மட்டும், கருங்கல் நிரப்பிய ஊறுகான் வெட்டினோம். வாவியோர வீடுகளுக்குத் தொட்டி. கூரையில் பாதிதான் இணைந்தது. மற்றப் பாதி வீட்டுக்காரரின் விருப்பம்.

மூன்றாவது, பள்ளம். வடிகானின் கீழ்ப்பாதியில் அரை ஏக்கரளவு அரச காணி இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து கட்டட இடிபாடு கொட்டி நிரப்பிக்கொண்டு வந்தார்கள். நிரம்பியதும் பொதுமண்டபம் கட்டுவது என்று பேச்சு. ஊரில் நான் வாங்கிய ஏச்சு முழுவதும் இந்தப் பள்ளத்துக்காகத்தான். கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்: கூரை பாதி போனால் வருவது ஏறத்தாழ 1.0; வடிகான் எடுப்பது 0.5, மிஞ்சும் 0.5 அரை மணித்தியாலம் ஓடினால் 900 கனமீற்றர். அரை ஏக்கர் பள்ளத்தில் அரை மீற்றர் நின்றால் 1,000. மண்டபத்தை மேட்டில் கட்டலாம், பள்ளத்தை மேட்டில் தோண்ட முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு கிழமையளவு எடுக்கும் என்பதால், வாவி மட்டம் இடம் கொடுக்கும் நாட்களில் மூன்று நாளுக்குள் வற்றும்படி வெளிவாயை அமைத்தோம். முதல் அரை மணித்தியாலத்து வெறுந்தேநீர் இப்போது முதலில் பள்ளத்துக்குள் போகிறது. வண்டல் அங்கே படிகிறது; பொசுபரசில் ஒரு பங்கும் அதோடு ஒட்டிப் படிகிறது. சம்புப்புல் தானாகவே முளைத்துவிட்டது, நட வேண்டியிருக்கவில்லை. கோடையில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள்.

கழிவுக்குழாய்களுக்கு ஒரே விடை இல்லை. வாவியோரத்தில் சில வீடுகள் அடியும் பக்கமும் அடைத்த தொட்டிக்கு மாறின. மேலே மண் உயர்த்தி ஊறுபடுக்கை அமைத்தார்கள். செலவு அதிகம். தொட்டியை உறிஞ்சி எடுக்கும் பவுசரை ஐப்பசிக்கு முன்பே கூப்பிடவேண்டும். எல்லோரும் மார்கழியில் கூப்பிட்டால் வராது. மாமியின் வீடு முதலில் மாறிய வீடுகளில் ஒன்று. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினார்.

கடைசியாக வாவி வாயில் ஒரு தடுப்புக் கதவு. உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வாவி தள்ளினால் மூடும். நான் மிகவும் பெருமைப்பட்ட பாகம் அதுதான். முதல் மாரியிலேயே ஓர் இரவு தொலைபேசி வந்தது: “சேர், ஆறு உள்ளே வருகிறது.” போய்ப் பார்த்தால் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு பொச்சுமட்டை. ஒரே ஒரு பொச்சுமட்டை. முக்கால் அங்குல இடைவெளி. அதன் வழியாக வாவி மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. மீனவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கொக்கத்தடியால் இழுத்து எடுத்தார். கதவுக்கு முன்னால், வடிகானுக்குள், குப்பையைப் பிடிக்கும் கம்பித்தட்டி வைத்திருக்கவேண்டும். வரைபடத்தில் இருந்தது, செலவு கூடியபோது நான் வெட்டிய பொருள்களில் அதுவும் ஒன்று. அடுத்த மாதம் பொருத்தினோம். தட்டியில் சேரும் குப்பையை எடுக்க ஆள்வேண்டும் என்பதற்கு இன்றுவரை நிரந்தரமான ஒதுக்கீடு இல்லை. கொக்கத்தடிதான் வேலை செய்கிறது.

பிறகு

சாதாரண மழைக்கு இப்போது ஒழுங்கையில் தண்ணீர் சில மணித்தியாலம் நிற்கும், வடிந்துவிடும். வாவி உயர்ந்து கிடக்கும் கிழமைகளில் கதவு மூடியே இருக்கும். அப்போது பெய்வது பள்ளத்தில் கொள்ளும்வரைதான் பாதுகாப்பு. 2011போல் ஒன்று வந்தால் இதில் எதுவும் நிற்காது, அதைக் கூட்டத்திலேயே சொல்லியிருந்தேன். வாவித் தண்ணீரில் எங்கள் போத்தல்கள் காட்டும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இறங்கும் வடிகான்கள் பல, எங்களுடையது ஒன்று. படுவான்கரை வயல்களிலிருந்து வரும் பசளைத் தண்ணீர் வேறு. வடிகான் வாயருகே மட்டும் ஆற்றுவாழை கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. மீனவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்கிறார்.

போன சித்திரையில், மழையில்லாத ஒரு காலையில், மீண்டும் உள்ளே இறங்கி நடந்தோம். தண்ணீர் ஓடவில்லை; அங்கங்கே ஈரம். குழாய் 17. மாமியின் குழாய் சீமெந்து பூசி அடைத்தபடியே இருந்தது. அதற்கு அடுத்த வீட்டு மதிலடியில் புதிதாக ஒன்று. சாம்பல் நிறம், மேலே அச்சிட்ட எழுத்துக்கூட இன்னும் அழியவில்லை. இலக்கம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு மேலே ஏறி, காலைக் கழுவிக்கொண்டு, அந்த வீட்டுப் படலையைத் தட்டினேன்.